வெண்ணாறு குழுவின் கிட்டார்

விளம்பரம் போட்ட மறுநாளே கிட்டார் வாங்க ஆள் வந்து நிற்பான் என்று வைரக்கண்ணு நினைக்கவில்லை. யாரும் வரக்கூடாதென்றுதான் விலையை வாய்க்கு வந்தபடி ஏற்றியிருந்தார். அந்த விலையைப் பார்த்துத்தான் அசல் சரக்கு என்று முடிவுகட்டி, தஞ்சாவூரிலிருந்து காரில் வந்துவிட்டான் இளஞ்செழியன்.

பெட்டியைத் திறந்ததும் சொக்கிப்போனான். குங்குமச் சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார். ஒரு கீறல் இல்லை.

"எப்ப வாங்கினது சார்?"

"எண்பத்தெட்டுல. வெண்ணாறு இன்னிசைக் குழுவுல நான்தான் கிட்டார்."

சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. திருவாரூர் பக்கம் எந்த ஊர் மாரியம்மன் திருவிழாவானாலும் அந்தக் குழுதான். அப்படி ஒரு கச்சேரியில் கிட்டார் சத்தத்தைக் கேட்டு, கட்டினால் வாசித்தவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் பூவம்மாள். கட்டியும் கொண்டாள். குழு கலைந்தபின் அவர் வயலும் வாய்க்காலுமாகிப் போனார். வாராவாரம் கிட்டாரைத் துடைப்பார். அந்தச் சாக்கில் சத்தமில்லாமல் விரல்களை ஓடவிடுவார். அவ்வளவுதான்.

இப்போது மகள் பிரசவத்துக்கு வருகிறாள். "தொட்டில் கட்டுற இடத்துல இது எதுக்குங்க? வாசிக்கவா போறீங்க?" என்று பூவம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மனைவியை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் இது போய்விட்டால், அந்த வைரக்கண்ணு இருந்ததற்கே அத்தாட்சி இல்லாமல் போய்விடும். மனசு அடித்துக்கொண்டது.

"தம்பி, மறைக்கக் கூடாது. இதுல சத்தமே வராது."

"பரவால்ல சார். காபிக் கடை திறக்கப்போறேன். சுவத்துல மாட்டத்தான். பின்பக்கம் நாலு ஓட்டை போட்டு ஸ்க்ரூ அடிச்சா நின்னுடும்."

"ஓட்டையா! ஐயோ தம்பி, பொய் சொல்லிட்டேன். நல்லா பாடும்!"

"பாடுமா? அப்ப கேட்ட விலைக்கு மேலயே தர்றேன். வாசிச்சுக் காட்டுங்க."

கன்னாபின்னாவென்று வாசித்து ஓட்டிவிடலாம் என்று வைரக்கண்ணு கணக்குப் போட்டார். பக்கத்துத் தெருவுக்கு ஆள் போனது. குழுவுக்கு அந்நாளில் மைக் செட் போட்ட ஜாஃபர் சாதிக், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருமாக வந்து ஒயரை மாட்டினார்.

கணக்கு முதல் கம்பியிலேயே பொய்த்தது. ஸ்பீக்கரில் தன் கிட்டார் அதிர்ந்ததும் வைரக்கண்ணுவுக்கு வயசு மறந்துபோயிற்று. திருவிழாப் பந்தலும், டியூப் லைட்டும், முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த கூட்டமும் கண்ணுக்குள் வந்தன. கெடுத்து வாசிக்க விரல்கள் ஒப்பவில்லை. அவர் நிறுத்தியபோது வாசலில் பாதித் தெரு நின்றது. இளஞ்செழியன் பணத்தை எடுத்து நீட்டினான்.

"தம்பி, அதை உள்ள வைங்க."

சொன்னது பூவம்மாள். கையில் கரண்டி, கண்ணில் நீர்.

"அன்னைக்குக் கேட்ட அதே சத்தம். இதை விக்கறதா இல்ல. தொட்டிலைக் கூடத்துல கட்டிக்கலாம். காபி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க தம்பி."

இளஞ்செழியன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனான். பூவம்மாள் முந்தானையால் கிட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, அதை அவளே உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜாஃபர் சாதிக், வைரக்கண்ணுவின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, இவ்வளவு நல்லா வாசிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, கச்சேரிக்குக் கச்சேரி உங்க லைனை ஆஃப் பண்ணிட்டு, கீபோர்டு மருதையனைக் கிட்டார் சத்தம் வாசிக்க விட்டிருக்கவே மாட்டேன்ணே."