மாப்பிள்ளை காருக்குள், கட்டணம் கந்தோருக்குள்

மொன்றியல்
28.07.2006

ஸ்காபுறோவில் சீரும் சிறப்புமாக வாழும் என் தங்கையின் மகன், அன்புள்ள மருமகன் நகுலேஸ்வரனுக்கு,

மாமன் வல்லிபுரம் எழுதுவிப்பது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ கோயில் முருகன் புண்ணியத்தில் இங்கே நான், மகன், மருமகள், பேரன் கஜானன் எல்லாரும் சுகம். உம்முடைய சலரோகமும் உம்முடைய பெண்சாதியின் முழங்காலும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவ கீழ் வீட்டு அக்னெஸ் ரீச்சர். ஆனால் மறதி என்ற வியாதி மட்டும் என்னிடம் கிடையாது. எழுபத்தேழாம் ஆண்டு ஒரு புதன்கிழமை நீர் என் சைக்கிளை இரவல் வாங்கிப் பின்சில்லை நெளித்துக்கொண்டு வந்து, நாய் குறுக்கே வந்ததென்று சொன்னீர். நாய் வரவில்லை. அது இப்போது எதற்கு என்று ரீச்சர் கேட்கிறா. சரி, கிடக்கட்டும்.

விஷயம் உம்முடைய மகள் பார்கவியின் படிப்புக் கட்டணம். பிள்ளை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம்தான் படிப்பேன் என்று நின்றதும், "தோட்டம் கொத்தாமல் தப்பி வந்த குடும்பத்திலை தோட்டம் படிக்க ஒரு பிள்ளையோ" என்று நீர் ரெலிபோனில் குதித்ததும் எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பிறகு மனம் இளகினீர். இளகின கையோடு கட்டணத்தைக் கேட்டு மறுபடி இறுகினீர். கியூபெக் பிள்ளைகளுக்கு இந்த மாகாண அரசாங்கம் தன் காசைப் போட்டுக் கட்டணத்தைக் குறைத்து வைத்திருக்கிறது; ஒன்ராறியோவிலிருந்து வருகிற பிள்ளை மூன்று மடங்கு கட்ட வேண்டும். ஒரே நாடு, காசில் ஒரே மகாராணியின் தலை, ஆனால் ஐந்தரை மணித்தியாலம் கார் ஓடினால் பிள்ளை பிறத்தியாளாகிவிடுகிறாள்! கியூபெக் கட்டணம் கிடைக்காவிட்டால் ரொறன்ரோவிலேயே கணக்கியல் படிக்கட்டும் என்று நீர் முடிவாகச் சொல்ல, பிள்ளை இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அப்போதுதான் பார்கவி எனக்குத் தனியாக ரெலிபோன் எடுத்து, கியூபெக்காரனைக் கலியாணம் முடித்தவளும் கியூபெக்காரிதான், அவளுக்கும் குறைந்த கட்டணம்தான் என்று சட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். எனக்குப் பொறி தட்டியது. என் பேரன் கஜானனுக்கு அவள் முறைப்பெண். போன வருஷமே பேசி வைத்தாயிற்று. படிப்பு முடிய மூன்று வருஷம், அதற்குப் பிறகுதான் தாலி என்பது நீர் போட்ட நிபந்தனை. தாலி அப்போது கட்டட்டும், எழுத்தை இப்போதே எழுதுவோம் என்றேன். பதிவுகாரர் முன்னால் ஒரு கையெழுத்து. தாலி ஏறும்வரை அவள் புறம்பு, அவன் புறம்பு. எங்கள் ஆட்களிடம் காலங்காலமாக நடக்கிறதுதானே. ஆனியில் உம்முடைய வரவேற்பறையிலேயே எழுத்து முடிந்தது. கஜானன் பதற்றத்தில் சாட்சிக்காரரின் இடத்திலும் கையெழுத்து வைத்து, புதுப் பத்திரம் எடுக்க வேண்டி வந்தது.

போன கிழமை பார்கவி இங்கே வந்தாள். அவளைக் கீழே ரீச்சர் வீட்டில் விட்டேன். பொடியன் மேலே. நடுப் படிக்கட்டில் நான் கதிரை போட்டுக் குந்தியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நானே முன்னின்று எல்லாரையும் பல்கலைக்கழகத்தில் கட்டணம் பார்க்கிற கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அப்பு, நீங்கள் ஏன் அலையிறியள், நான் தனியப் போறன்" என்று பிள்ளை கெஞ்சினாள்; நான் விடவில்லை. கஜானன் கார் ஓட, நான் முன்னால், ரீச்சரும் பார்கவியும் பின்னால். கண்ணாடியில் பின்னுக்குப் பார்க்கிறான் என்று கண்டு கண்ணாடியைத் திருப்பி விட்டேன். அதனால் வழியில் மூன்று பேர் ஹோர்ன் அடித்தார்கள். போய்ச் சேர்ந்ததும் அவனைக் காரைவிட்டு இறங்கக் கூடாதென்று சொல்லி வைத்தேன்.

கந்தோரில் பற்றிக் என்று ஒரு சிவத்த பொடியன். அவன் பிரெஞ்சில் கேட்க, ரீச்சர் எனக்குத் தமிழில் சொன்னா.

"புருஷன் எங்கையாம், அண்ணை?"

"காருக்குள்ளை."

"ஏன் உள்ளுக்கு வரேல்லையாம்?"

"தாலி இன்னும் கட்டேல்லையெல்லோ. ரெண்டு பேரும் ஒண்டா நிண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"இஞ்சை என்ன சனம்? இவரும் வெளியிலை நாலு மாடும்தான்."

"மாட்டுக்கும் கண் இருக்கு, ரீச்சர்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டிலையோ இருக்கினமாம்?"

எனக்கு உச்சி கொதித்தது. "சிவ சிவா! என்ரை வீட்டிலை அப்பிடி நடக்குமோ? அவள் கீழை, அவன் மேலை, நடுவிலை நான். விரல்கூடப் படேல்லை எண்டு வடிவாச் சொல்லுங்கோ!"

"அப்பு, மெல்லக் கதையுங்கோவன்," என்று பார்கவி தலையில் கை வைத்தாள்.

ரீச்சர் நெடுநேரம் பிரெஞ்சில் கதைத்தா. பற்றிக் சிரித்தான். பிறகு எழும்பி வந்து எனக்குக் கைலாகு தந்து, வெளியே போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கஜானனுக்கும் கைலாகு கொடுத்தான். ஆகா, காரியம் பழம் என்று நினைத்தேன். வெளியே வந்த பிறகுதான் ரீச்சர் சொன்னா:

"முடிஞ்சுது, அண்ணை. ஒரே கூரைக்குக் கீழை இருந்தால்தான் புருஷன் பெண்சாதியாம். வகுப்புத் தொடங்க முன்னம் தாலி கட்டி ஒண்டா இருக்காட்டி மூண்டு மடங்காம்."

இந்த ஊரில் மறுக்கிறதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் செய்கிறார்கள், பாரும்!

மருமகன், பிழை முழுக்க என்னுடையது. நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னதால் பிள்ளையின் படிப்பில் மண் விழப் பார்க்கிறது. அவளைக் கோபித்துக் கணக்கியலுக்குத் திருப்பிக் கூப்பிட்டுவிடாதேயும். மூன்று வருஷம் என்ற நிபந்தனையைத் தள்ளி வைத்து, ஆவணி பிறந்தவுடன் வருகிற முதல் முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொள்ளும். கோயில் ஐயரிடம் நான் கதைக்கிறேன். ஒப்புக்கொண்டால் சைக்கிள் கதையை இனி எடுக்க மாட்டேன்.

உமக்கும் பெண்சாதிக்கும் நோய்நொடியில்லாத நீண்ட ஆயுளும், வழுக்கி விழாத ஒரு பனிக்காலமும் கிடைக்க முருகன் அருள்வாராக. எழுதி முடிந்தபின் ரீச்சர் திருப்பி வாசிக்க, சொல்லுக்குச் சொல் நினைவிலிருந்து சரி பார்த்துவிட்டேன். இதற்குமேல் ஒரு புள்ளியும் கூட்டக் கூடாதென்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமன்
கந்தர் வல்லிபுரம்
(பெருவிரல் அடையாளம்)

பி.கு.: இது ஐயா சொல்லாதது. நான் அக்னெஸ். பார்கவி பிறந்தது, நீங்கள் ரொறன்ரோவுக்குக் குடிபோக முதல், இதே மொன்றியலில். கியூபெக்கில் பிறந்த பிள்ளைக்குக் கியூபெக் கட்டணம்தானாம். மாசியிலேயே பிறப்புச் சான்றிதழை அனுப்பி, சித்திரையில் குறைந்த கட்டணத்துக்கே கடிதமும் எடுத்துவிட்டாள். எழுத்தே தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பற்றிக் முதலில் கேட்டது, "ஒரு சிக்கலும் இல்லையே, ஏன் வந்தீர்கள்?" என்றுதான். எழுத்து நடந்ததை நான் சொல்ல, அவன் மாப்பிள்ளையை விசாரித்தது வாழ்த்துச் சொல்ல. ஒரே வீட்டில் இருக்கினமோ என்று கேட்டது நான்; மூன்று மடங்கு என்றதும் என் புளுகுதான். "ரீச்சர், மூண்டு வருஷத்துக்கு அந்தப் படிக்கட்டிலை அப்புவைத் தாண்ட ஏலாது" என்று பிள்ளை என் கையைப் பிடித்தாள், நானும் இரங்கிவிட்டேன். பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் சிரித்து முடித்துவிட்டு, தகப்பனுக்கு உண்மையை எழுது என்றார், எழுதிவிட்டேன். இனி உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் மறுமொழியை ஐயாவுக்கு வாசித்துக் காட்டப் போவதும் நான்தான். ஆகையால், எப்படியும் ஆவணிக்கு ஓம் என்றுதான் அவருக்குக் கேட்கும். நீங்களும் அதையே எழுதினால், எனக்குப் பாவம் ஒன்று குறையும்.