மலைமேல் குடையோடு நிற்கும் ஆள் குறித்து

மதிப்பிற்குரிய கட்டடப் பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சம்பந்தி என்று எழுதத்தான் கை போனது. தாங்கள் இன்னும் சரி என்று சொல்லாத நிலையில் அது முந்திரிக்கொட்டைத்தனம் என்று என் மனைவி தடுத்துவிட்டாள். இங்கு நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும், படம் பார்த்த பிறகும், நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் குறுஞ்செய்தி கிடைத்தது. "படம் பார்த்தேன். இனி பேச ஒன்றுமில்லை" என்று சுருக்கமாக முடித்துவிட்டீர்கள். நான் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வரியில் விளக்கம் கேட்டால் நாலு பக்கம் எழுதிப் பழகிய கை இது. எனவே பொறுத்தருள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் என் வாய்தான் காரணம். பெண் கேட்டு முதன்முதலில் நாம் சந்தித்தபோது, சினிமாவுக்குக் கணினியில் காட்சிகள் செய்யும் என் பையன் எதை வைத்து மலை செய்கிறான் என்று கேட்டீர்கள். ஏதோ ஒரு மென்பொருளாம், எங்கள் வீட்டுக் குக்கரை விட விலை குறைவு என்று பெருமையாகச் சொன்னேன். பையன் சிக்கனக்காரன் என்று தாங்கள் மெச்சுவீர்கள் என்பது என் கணக்கு. தாங்களோ கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டீர்கள். மலிவான சிமெண்டில் கட்டினேன் என்று சொல்பவன் வீட்டுக்குள் தாங்கள் கால் வைப்பீர்களா என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் ஐயா, இது மலை. உள்ளே யாரும் குடிபோகப் போவதில்லை.

நடந்தது இதுதான். ராஜா காலத்துப் போர்ப் படம். கதாநாயகருக்கும் அவர் குதிரைக்கும் கொடுத்ததிலேயே தயாரிப்பாளரின் கை காலியாகிவிட்டது. உண்மையான மலைக்குப் போக வழியில்லை, பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருளுக்கு வருடா வருடம் வீட்டு வாடகை மாதிரி கட்ட வேண்டுமாம். அப்போதுதான் என் மகன், பொழுதுபோக்காக இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்கென்று வந்த இந்த மென்பொருளைக் கொண்டுவந்தான். திரையில் ஒரு பொத்தானை இழுத்தால் மலை எழும்புகிறது, இன்னொன்றை இழுத்தால் பனி கொட்டுகிறது, மூன்றாவதைத் தொட்டால் காடே முளைக்கிறது. அவனோடு வேலை செய்யும் தங்கள் மகள் அதற்கு நிறம் சேர்த்துத் தருவாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் மனைவிதான், "காடு காடா மரம் நடுறான், வாசல்ல இருக்கிற ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல" என்றாள்.

இதில் ஒரு சங்கடம். பக்கத்தில் உயரம் தெரிந்த ஏதாவது நிற்காவிட்டால், வந்திருப்பது மலையா மண்மேடா என்று அவனுக்கே தெரியாதாம். அளவுக்கு நிற்க ஓர் ஆள் பொம்மை உண்டு, அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். நான் கீரை வாங்கிக்கொண்டு கையில் குடையோடு வந்தேன். "அப்பா, அப்படியே நில்லுங்க" என்றான். நின்றேன். படம் எடுத்து மலைமேல் வைத்துவிட்டான். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. சொன்னபடி எடுத்தும் விட்டான். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். எடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு, அந்த மலையைத் திரைக்கான படமாக்க, கணினி நாள் கணக்கில் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மிக்ஸி கிடையாது, இஸ்திரி கிடையாது, மின்சார அடுப்பும் கிடையாது. மீறினால் ஃபியூஸ் போய்விடும். தாங்கள் குடும்பத்தோடு வந்த அன்று டீ ஆறிப்போயிருந்ததற்கும், ஏசி இருந்தும் நான் விசிறியால் வீசியதற்கும் காரணம் அதுதான். கஞ்சத்தனம் என்று தாங்கள் நினைத்திருக்கக்கூடும். நான் கைகழுவப் போன நேரம் பார்த்து, தாங்களே எழுந்து ஏசியைப் போட்டீர்கள். வீடே இருண்டது. மலையும் போயிற்று. நான் தங்களைக் குறை சொல்லவில்லை, வேர்த்தால் யாரும் செய்வதுதான். மறுநாள் கொடுத்தே ஆக வேண்டிய அவசரத்தில், சோதனைக்காக முன்பே ஓட்டி வைத்திருந்த பழைய பதிவை அப்படியே அனுப்பிவிட்டான் பிள்ளை. அந்தப் பழைய பதிவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

தியேட்டரில் தாங்கள் எங்கள் வரிசைக்கு முன்னால்தான் இருந்தீர்கள். ராஜா வாளை உயர்த்தி, "மனிதக் காலடியே படாத மலை இது!" என்கிறார். அவருக்குப் பின்னால், உச்சியில், ஒருவன் குடையும் கீரைக்கட்டுமாக நிற்கிறான். யாரடா இந்தப் பைத்தியக்காரன் என்றுதான் நானும் நினைத்தேன். "ஏங்க, அது நீங்கதானே?" என்று என் மனைவி ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். தாங்கள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து பிள்ளை தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். தங்கள் மகளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதாக இல்லை என்கிறான். அவளும் அப்படித்தான் சொல்கிறாளாம். ஒரு குடைக்காக இரண்டு பிள்ளைகளைப் பிரித்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குக்கர் விலை மென்பொருளைத் தலைமுழுகிவிட்டான். உத்தியோகத்துக்கும் வேறு இடம் பார்க்கிறான். இனி அவன் செய்யும் எந்த மலையிலும் அந்நியர் ஒருவர்கூட நிற்க மாட்டார். இது என் வாக்கு.

தங்கள் இல்லத்தில் மின்சாரமும் மன அமைதியும் தடையில்லாமல் ஓட வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பையனின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டைரக்டர் தொலைபேசியில் அழைத்தார். ராஜா வரும்போது இல்லாத விசில் குடைக்காரன் வரும்போது பறக்கிறதாம். அவன் தர்ம தேவதையாம், பத்திரிகையில் எழுதிவிட்டார்களாம். அடுத்த படத்துக்கும் அதே மலை வேண்டும், அதே மென்பொருள் வேண்டும், குடைக்காரனுக்குத் துணையாக இன்னொருவரும் வேண்டும் என்கிறார். தலைமுழுகியதைப் பிள்ளை மறுபடி எடுத்துக்கொண்டான். ஃபியூஸ் போன அன்று தாங்கள் எங்கள் பால்கனியில் டீ தம்ளரோடு முறைத்துக்கொண்டு நின்றீர்களே, அதைத் தங்கள் மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஆகவே தற்சமயம் உச்சியில் என் பக்கத்தில் நிற்பது தாங்கள்தான். கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, இனி நிறுத்த முடியாது. அந்நியர் யாரும் நிற்க மாட்டார் என்ற என் வாக்கில் மாற்றமில்லை. தங்கள் உயரத்தையும் தங்கள் மகள்தான் சொன்னாள். சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், சம்பந்தி.