வழுக்காத தரை

மதிப்பிற்குரிய மைத்துனர் பரந்தாமன் அவர்களுக்கு, குடியாத்தத்திலிருந்து முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கமலமும் எங்கள் தறியும் நலம். ஒடுகத்தூரில் தாங்களும் வேர்க்கடலைப் பயிரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

"ஜெயில்காரங்க மேலயே கேஸா? நமக்கு எதுக்கு மச்சான் இந்த வம்பு?" என்று போனில் கேட்டீர்கள். நடந்ததைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு தகராறில் உள்ளே போன நம் பையன் செல்வகுமாரைப் பார்க்க ஜெயிலுக்குப் போனோம். வலது கை மாவுக்கட்டில் தொங்கியது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்றார் பக்கத்தில் நின்ற வார்டர். பையன் தரையையே பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா, வழுக்கிடுச்சி" என்றான். அதே வாரம் அதே பாத்ரூமில் இன்னும் மூன்று பேர் வழுக்கி, அத்தனை பேருக்கும் கையே உடைந்ததாகக் கேள்விப்பட்டேன். அரசாங்கம் சொன்னால் நம்புகிற பிறவி அல்லவா நான்? எனக்குத் தரைமேல் கோபம் வந்துவிட்டது. தரை போட்டவர்களை விசாரிக்க வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். நம் வக்கீலம்மா சைரா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா பெரியவரே, அடிச்சாங்கன்னு நான் ஐகோர்ட்டுல கேஸ் நடத்துறேன். வழுக்கி விழுந்தான்னு நீங்களே எழுதிக் குடுத்து பேஜார் பண்றீங்களே."

அவர் பயந்தபடியே, ஐகோர்ட் உத்தரவிட்ட விசாரணையில் ஜெயில் தரப்பு என் மனுவைத் தூக்கிக் காட்டியது. கேஸ் போச்சு என்று கமலம் அழுதாள். நீதிபதி தரை போட்ட என்ஜினீயரைக் கூப்பிட்டார். தன் வேலைக்கு வேட்டு விழுமோ என்ற பதற்றத்தில் அந்த மனுஷன், "ஐயா, அது சொரசொரப்புத் தரைங்க. எண்ணெய ஊத்தினாலும் வழுக்காது. அங்க ஒருத்தனும் விழ முடியாதுங்க" என்று அடித்துச் சொன்னார். நீதிபதி ஜெயில் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்ஜினீயரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் செல்வகுமார் தலையை நிமிர்த்தி, யார் பிடித்துக்கொண்டார்கள், யார் லத்தியால் அடித்தார்கள் என்று சொன்னான். பெற்றவர்களால் கேட்க முடியவில்லை மச்சான். அடுத்த விசாரணைக்கு நீங்களும் வந்து பக்கத்தில் நின்றால் போதும்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
முனிரத்தினம்

பின்குறிப்பு: தரைமேல் கோபம் வந்ததாக மேலே எழுதியிருப்பதை யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். பையன் 'வழுக்கிடுச்சி' என்றபோதே எனக்குத் தெரியும். என் பிள்ளையை அடித்தார்கள் என்று அதே ஆபீசில் முதலில் ஒரு மனு கொடுத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. தரை சரியில்லை என்று எழுதினேன், தரையைப் பார்க்க அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள்.