அண்டாவுக்குப் போட்ட முடிச்சு

முடிச்சு போடத் தெரிந்தவளுக்கு அதை அவிழ்க்கவும் தெரியும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். எங்கள் பள்ளி சாரணியர் படையில் முடிச்சுப் போட்டிக்கு முதல் பரிசு வாங்கியவள் நான். அந்தக் கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது (பரண்மேல், யார் கண்ணிலும் படாத இடத்தில்).

தொண்ணூறுகளின் நடுவில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். என் உயிர்ச் சிநேகிதி பத்மாவுக்கு மாநில சாரணியர் விருது கிடைத்தது. அதே வாரம் அவள் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றலும் வந்தது. சாயங்காலம் அவளுக்கு விருந்து, மறுநாள் விடிந்தால் பயணம். “விருந்தை நான் பார்த்துக்கறேன் மிஸ்” என்று முந்திக்கொண்டேன். எந்த ஊருக்குப் போனாலும் காஞ்சிபுரம் என்றதும் அவளுக்கு என் விருந்துதான் ஞாபகம் வரவேண்டும் என்று ஆசை. (வருகிறது. அது வேறு விதமாக.)

பத்மா திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூட அவள் வாயில் படாது. அதனால் வெயில் இருக்கும்போதே பந்தி என்று ஏற்பாடு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். “உன் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ யோசிக்க மாட்டேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டினாள். அதன்மேல் வாழையிலை பரப்பி வடை. மொத்த விருந்தும் அந்த ஒரே அண்டாவில்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் கொண்டுபோக வேண்டும். ரோடெல்லாம் குண்டும் குழியும். எங்களுடையது தறி வீடு, மிச்சப் பட்டு நூலுக்குப் பஞ்சமில்லை. அதை முறுக்கிக் கயிறாக்கி, எனக்குத் தெரிந்த அத்தனை முடிச்சையும் மூடிமேல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன்.

“யானையைக் கட்டப் போறியாம்மா?” என்றார் அப்பா. பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இலை போட்டாயிற்று. ஆவியில் நனைந்த பட்டு கல்லாட்டம் இறுகியிருந்தது. நகம் உடைந்ததுதான் மிச்சம். மிஸ் கத்தரிக்கோலோடு வந்தார். சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற சாரணர் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

“சாரணியர் கயிற்றை அறுக்கக் கூடாது. போட்டவங்களே அவிழ்க்கட்டும்.”

போட்டவள் பல்லால் அவிழ்க்கப் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் பசி தாங்காமல் அண்டாவையே கடிப்பது போலத்தான் இருந்திருக்கும். பத்மா ஹேர்பின்னைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டி இத்தினி முடிச்சு போட்டுக்கினு வந்தே?”

“சிந்திடப் போவுதுன்னுதான்.”

“ஒண்ணும் சிந்தலபா.”

சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், சுவரில் இருந்த வெயிலைக் காணோம்.

“பொழுது போயிடுச்சுபா” என்று ஹேர்பின்னைத் திரும்பக் குத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் லைட் போட்டார்கள். அதிகாரிக்கும் பசி வந்துவிட்டது. “சரி சரி, அறுத்துடுங்கம்மா” என்றார். மிஸ் ஒரே வெட்டு வெட்டினார்.

தன் விருந்துக்குத் தானே கரண்டி எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறினாள் பத்மா. “நீ சாப்புடு, எனக்குப் பசிக்கல” என்று எனக்கு இன்னொரு வடை வைத்தாள். நான் அழுதுகொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன் (அம்மா கைப்பக்குவம் அப்படி, நான் என்ன செய்யட்டும்).

காலையில் அவள் போய்விட்டாள். கல்யாணமும் அங்கேயே ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் அவளை நேரில் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் டிபன் பாக்ஸை வாங்கும்போது, “மூடிதானே போட்டே, முடிச்சு எதுவும் போடலியே?” என்பார். பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சாம்பார் சாதம் செய்கிற நாளில் மட்டும், அவளுக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று மனசு கிடந்து தவிக்கும்.

எப்போது போன் செய்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“என்னடி, அண்டா திறந்துச்சா?”

“திறந்துதான் கிடக்குது. வெயில் இருக்கும்போதே வந்துடுபா.”