எனக்கில்லாத மூக்குத்தி

காதல் கவிதை எழுதுகிறவனுக்குக் கைதட்டல் உண்டு, சால்வை உண்டு, மைக் உண்டு. யாரைப் பார்த்து எழுதினானோ அவளிடம் போய், "உனக்கு இதில் சம்மதமா?" என்று கேட்ட ஒரு ஆள் உண்டா? நிலா என்பார்கள், மான் என்பார்கள். ஆனால் அவள் வாயைத் திறந்து, "நான் மான் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கோவில்பட்டியிலிருந்து கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிது. பாலிகஞ்சில் ஒரு ஃப்ளாட்டில் நானும் செல்வியும் தங்கியிருந்தோம். இருவருக்கும் சால்ட் லேக்கில் ஒரே ஐ.டி. கம்பெனி. அங்கே முரளி என்று ஒருவன். அப்பா ரயில்வே, பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சி. பேசினால் பாதி வங்காளம், எழுதினால் மட்டும் சுத்தத் தமிழ். ஆபீஸ் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் இதைப் போட்டான்:

பாலிகஞ்ச் நடைமேடையில்
ரயிலைத் தவறவிட்டேன்,
உன் சுருள்முடியில் சிக்கிய வெயில்
கிளம்ப மறுத்ததால்.

"ஏட்டி, உன்னையதான் எழுதியிருக்கான்" என்றாள் செல்வி. குழுவில் பாலிகஞ்சில் ரயில் ஏறுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். செல்வியின் முடி அடித்துப் போட்டாலும் சுருளாது. ஆகவே நான்.

அடுத்த கவிதையில் கோபத்தில் மினுங்கும் மூக்குத்தி வந்தது. எனக்கு மூக்கே குத்தவில்லை. அதற்கடுத்த கவிதையில் நான் இலிஷ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். கேக்கில் முட்டை இருக்குமோ என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறவள் நான்.

"இவன் என்னடி வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதுதான்?" என்று கொதித்தேன்.

"கவிஞருங்க கூடக்குறைய எழுதத்தான் செய்வாங்க" என்றாள் செல்வி.

(உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் என்ஜினியரிங்கில் முதல் வகுப்பு.)

கேண்டீனில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியை முரளிக்காகக் காலி செய்து கொடுத்தார்கள். எப்படியோ சேதி கோவில்பட்டிக்கும் போய்விட்டது. அம்மா போன் செய்தாள். "அங்க எவனோ ஒன்னையப் பத்திப் பாட்டு எழுதுதானாமே. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கெளம்பி வா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் சண்டை போட்டு வாங்கிய வேலை. எவனோ நாலு வரி எழுதியதற்கு நான் எதற்குப் பெட்டி கட்ட வேண்டும்? முரளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவன் ஊரறிய எழுதுவான், நான் மட்டும் ரகசியமாகக் கேட்க வேண்டுமா?

சாந்த்ராகாச்சியில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விழாவில் அவன் கவிதை வாசிப்பதாக இருந்தது. போனேன். சர்க்கரைப் பொங்கலைக்கூடத் தொடவில்லை, கோபம் இறங்கிவிடுமோ என்று பயம். முரளி, "உன் மூக்குத்தியின் ஒற்றை ஒளி..." என்று ஆரம்பித்ததும் எழுந்து நேராக மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன்.

"முரளி, நீங்க குழுவுல போடுற கவிதையில பாலிகஞ்ச் ஸ்டேஷன் சரி, சுருள்முடி சரி. ஆனா எனக்கு மூக்குத்தி கிடையாது. நான் இலிஷ் மீன் சாப்பிட மாட்டேன். என்னைக் கேக்காம என்னைப் பத்தி எழுதுனதே தப்பு. அதையும் தப்புத் தப்பா எழுதுறீங்க. எழுதித்தான் தீரணும்னா விசாரிச்சிட்டு எழுதுங்க."

முரளி பேய் அறைந்தவன் போல் நின்றான். பிறகு மெதுவாக, "ஆரே சுதா, நான் உங்களப் பத்தி எழுதலையே" என்றான். மைக் என் கையில்தான் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

முன் வரிசையில் முரளியின் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். ஷர்மிஷ்டா. எங்கள் கம்பெனியில் வேறு மாடியில் வேலை. பொங்கல் பார்க்க வா என்று முரளி கூப்பிட்டிருந்தானாம். "கீ போல்ச்சே?" என்றாள், என்ன சொல்கிறாள் என்று. தமிழை விட வங்காளம் நன்றாக வரும் முரளியின் அம்மா, பாவம் பிள்ளைக்குப் புரியட்டுமே என்று நான் சொன்னதை ஒவ்வொன்றாக வங்காளத்தில் எடுத்துச் சொன்னார். பாலிகஞ்ச் ஸ்டேஷன். சுருள்முடி. இலிஷ் மீன். மூக்குத்தி என்று சொல்லும்போது அவர் பார்வை ஷர்மிஷ்டாவின் மூக்கில் போய் நின்றது. அங்கே அது மினுங்கிக்கொண்டிருந்தது.

ஷர்மிஷ்டா எழுந்தாள். முரளியைப் பார்த்து வங்காளத்தில் கேட்டாள்: "எனக்குப் படிக்கவே தெரியாத பாஷையில் என்னைப் பற்றி எழுதி, இத்தனை நாளாக யாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய்?"

அன்று அந்த ஹாலில் என் கட்சியில் பேசிய ஒரே ஆள் அவள்தான். "வா, வந்து உட்கார்ந்து படித்துச் சொல்" என்றாள். அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னான். அடுத்த தையில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது, "நீங்க இல்லைன்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்" என்றான். நான் நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி எழுதினான் என்று இருந்த கோபத்தை விட, எழுதவில்லை என்று தெரிந்தபின் வந்த கோபம் பெரிது. ஏன், என் முடியில் வெயில் சிக்காதா?

அன்று அந்த விழாவுக்கு மைக் செட் பார்த்துக்கொண்டவர்தான் பின்னால் என் கணவரானார். முழுச் சம்பவத்தையும் பக்கத்தில் நின்று பார்த்த மனிதரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டிவியில் எந்தக் காதல் பாட்டு வந்தாலும், "சுதா, இது உன்னைப் பத்தி இல்ல" என்பார். என் அம்மாவும் போனில் இதையே சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் என் மகள் தரையில் உட்கார்ந்து கிரீடம் வைத்த ஒரு ராணியை வரைந்துகொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கக்கூட இல்லை. அவள் தலை நிமிராமல், "அம்மா, இது நீ இல்ல" என்றாள்.