ஏற்றத்தில் நின்ற இறுதி ஊர்வலம்

இஞ்சின் உறுமியது. சக்கரம் நகரவில்லை.

ஓட்டுநர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார். பாதி ஏற்றத்தில் நின்ற சவ வண்டி, முன்னே போவதற்குப் பதிலாக ஒரு முழம் பின்னே வந்தது. பின்னால் நடந்து வந்த உறவினர்கள் மொத்தமாக ஓர் எட்டு பின்வாங்கினார்கள்.

முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில், இறந்துபோனவரின் மனைவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநரிடம் முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார்: "எப்பப் பாரு வழியில நிறுத்திட்டு நிக்கிறே. இன்னிக்கும் நிறுத்தினா, இது உனக்கும் கடைசி ஊர்வலம்."

"என்னப்பா கோளாறு?" பானெட்டைத் தட்டியபடி வந்தார் மைத்துனர். அந்த அம்மாவின் தம்பி. குடும்பத்திலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் என்பதால், வண்டி விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஆட்டோமேட்டிக் கியருங்க, பழைய வண்டி. கியர் ஆயில் கம்மியானா இப்படித்தான் இஞ்சின் மட்டும் கத்தும். அளவு பாத்துடறேன்."

"முதல்ல இஞ்சினை அணை."

"இல்லீங்க, இதை ஓடும்போதுதான் பாக்கணும். அதுவும் சமதரையில..."

"சாவு வண்டியில உறுமிக்கிட்டே ஆயில் பாப்பியா? ஒரு மரியாதை வேணாம்? அணைப்பா!"

அணைத்துவிட்டு, வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தார். அளவுக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"கம்மின்னியே! இந்தா வழியுது. அதிகமானதுதான் கோளாறு."

"இஞ்சின் நின்னா ஆயில் கீழ இறங்கி அதிகமாத்தாங்க காட்டும்..."

யார் கேட்டார்கள்? மருந்துக் கடை வைத்திருந்த மருமகன் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு வந்துவிட்டார். மாமனாருக்குச் செய்யும் கடைசி உதவி என்று சொல்லிக்கொண்டே குழாயை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்து உறிஞ்சினார்.

ஆயில் வந்தது. நேராக வாய்க்குள் வந்தது.

"த்தூ! தீஞ்ச நாத்தம்!" என்று அவர் தெருவைச் சுற்றி ஓடினார். குழாயில் வந்த மிச்சம் சாக்கடையில் கலந்தது.

மறுபடி கிளப்பியபோது வண்டி துளியும் அசையவில்லை. இதுவரை பின்னாலாவது வந்துகொண்டிருந்தது.

"எடுத்ததைத் திருப்பி ஊத்திடலாமா?" என்றார் மைத்துனர்.

"பாதி உங்க வீட்டு மருமகன் வயித்துல இருக்குங்க."

ஓட்டுநர் பொறுமையாகச் சொன்னார். மேலே நாலு தள்ளு தள்ளினால் சமதரை. அங்கே நிறுத்தி, முறைப்படி அளந்து, தன்னிடம் இருக்கிற ஒரு டப்பா ஆயிலை ஊற்றினால் மயானம் வரைக்குமாவது போய்விடும்.

"சரி, நீ தள்ளு. வாட்டசாட்டமா இருக்கே. ஸ்டியரிங்கை நான் பாத்துக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தார் மைத்துனர். லிவரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

எல்லோரும் முக்கினார்கள். வண்டி ஏறியது. உச்சியைத் தொடும் நேரத்தில் மருமகனுக்குக் குமட்டல் வந்தது. அவர் கையை எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள விலகினார்கள்.

வண்டி இறங்கத் தொடங்கியது.

"பிரேக்கை மிதிங்க!"

"கிளட்ச் எங்கடா?"

"கிளட்சே கிடையாதுங்க!"

"கிளட்ச் இல்லாம எப்படிடா பிரேக் பிடிக்கிறது?"

காலமானவர் வந்த வழியே திரும்பிப் போனார். அழுதபடி வந்த கூட்டம் அலறியபடி துரத்தியது. ஏற்றத்தின் அடியில், துக்க வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அய்யோ, திரும்பி வந்துட்டாரு!" என்று நாற்காலிகளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டார். வண்டி நாற்காலிக் குவியலில் மெல்ல முட்டி, புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

யாருக்கும் காயமில்லை. மைத்துனர் மட்டும் இல்லாத கிளட்சை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குள் யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள்; ஓட்டுநரின் போன் அடித்தது. முதலாளி. "வேற வண்டி அனுப்பறேன். நீ சாவியைக் கொடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு."

ஓட்டுநர் முன்கதவைத் திறந்து, கை கட்டி நின்றார். "அம்மா, மன்னிச்சிடுங்க. உங்க துக்கத்துல நான் வேற..."

"உன் மேல தப்பில்லப்பா. உங்க முதலாளிகிட்ட நானே பேசறேன்."

அந்தக் கனிவில் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "நல்லா ஓடும்னு சத்தியம் பண்ணி இந்தத் தகர டப்பாவை எங்க முதலாளி தலையில கட்டினான் பாருங்கம்மா ஒருத்தன், அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

அந்த அம்மா கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் நீர் தளும்ப, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எங்கேயும் தேட வேணாம்பா. வித்தவரு பின்னாடிதான் படுத்திருக்காரு."