போதும்பாக்காரர் முன்னால் ஒரு மைக்

மனிதர்களில் போதும்பாக்காரர் என்று ஒரு வகை உண்டு. இந்தப் பெயரை எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள், நான் வைத்த பெயர். பள்ளிக்கூடமும் நானும் சின்ன வயதிலேயே ஒருவரை ஒருவர் கைவிட்டுவிட்டோம். ஆனாலும் பெயர் வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தனியொருவனாக ஏணி தூக்கி நான் ஆரம்பித்த கூரை போடும் கம்பெனிக்கு 'ஹெஸ்லப்: வானத்துக்கு அடுத்தபடி' என்று நானே பெயர் வைத்து, நானே லாரியில் எழுதினேன். எங்கள் வட இங்கிலாந்து மழையில் ஒழுகாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், அதற்கு ஓடு போட்டவன் யார் என்று நான் சொல்கிறேன்.

போதும்பாக்காரரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். ராணி இறந்து நாடே துக்கத்தில் இருந்த அந்த நாட்களில், எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதே கறுப்புக் கார், அதே பூங்கொத்துக் குவியல், அதே மூடிய கதவு, அந்தக் கதவின் முன்னால் நனைந்தபடி நின்று 'கதவு மூடியிருக்கிறது' என்று அரைமணிக்கு ஒருமுறை அறிவித்த அதே நிருபர் என்று போய்க்கொண்டிருந்ததல்லவா? அப்போது டீக் கோப்பையில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே, "போதும்பா, எத்தனை தடவைதான் காட்டுவீங்க" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தியவர் எவரோ, அவரே போதும்பாக்காரர். கத்தினாரே, பெட்டியை அணைத்தாரா? அணைக்க மாட்டார். அணைத்துவிட்டால் எவ்வளவு அதிகமாகக் காட்டுகிறார்கள் என்பது எப்படித் தெரியும்? தெரியாமல் எதை வைத்துத் திட்டுவது?

"பிடிக்கலைன்னா அணைச்சிடேன் கண்ணு" என்பாள் என் மனைவி பிரெண்டா.

"இரு, அந்த வெள்ளைக் குதிரை வந்துடட்டும்" என்பேன் நான்.

ராணி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அம்மா கடைசி வரை வேலை பார்த்தவர். வேலை பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்கும், நானே அப்படிப்பட்டவன். என் சண்டையெல்லாம் பெட்டியோடுதான். முக்கியமாக, தெருவில் போகிற யாரையாவது பிடித்து நிறுத்தி மைக்கை நீட்டுவார்களே, அந்த ஆள் உடனே குரல் உடைந்து, "ஒரு தடவை என்னைப் பார்த்துக் கையசைச்சாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாரே, அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன்னைப் பார்த்தா கையசைச்சாங்க? உனக்குப் பின்னாடி நின்ன ஊரைப் பார்த்துடா" என்று பெட்டிக்குள் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வேன்.

பிறகு மரியாதை என்ற காய்ச்சல் பரவியது. வானிலை சொல்பவர் கறுப்பு டை கட்டிக்கொண்டு, ஏதோ மன்னிப்புக் கேட்பது போல, மழை வரும் என்றார். ஜன்னல் கண்ணாடி விற்கும் கடைக்காரர், துக்கத்தை முன்னிட்டுத் தள்ளுபடியைத் தள்ளிவைத்தார். எங்கள் கடைத்தெருவில் மீன் வறுவல் கடை வாசலில் வாலை ஆட்டிக்கொண்டிருந்த விளக்கு மீனின் வாலாட்டத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அசையாத மீனைப் பார்த்து ராணி மனம் குளிர்ந்திருப்பாரா?

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் தொழிலாளர் கிளப்பின் லீக்ஸ் போட்டி என்ன ஆகும் என்ற பேச்சு வரும் வரை.

லீக்ஸ் என்றால் ஏதோ சூப்பில் நறுக்கிப் போடும் வெங்காயத்தாள் மாதிரி ஒன்று என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து வாயைத் திறக்க வேண்டாம். தொடை பருமனுக்கு அதை வளர்ப்போம். அதற்கு என்ன ஊற்றுகிறோம் என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். ஆண்டுதோறும் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனவன் எனக்கு அடுத்த பாத்திக்காரன் ஸ்டான். சுரங்கத்தில் வேலை பார்த்தவன், அதிகம் வாய் திறக்காதவன். ஆனால் அந்த வருஷம் என் பாத்தியில் நின்றது லீக்ஸ் அல்ல, கோயில் தூண். அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, எவன் கண்ணிலும் படாமல் வைத்திருந்தேன். போட்டி சனிக்கிழமை. லீக்ஸ் காத்திருக்கிற பண்டமும் இல்லை. நாள் தப்பினால் வெடிக்கும், நடுவில் பூத்தண்டு எட்டிப் பார்க்கும், அதோடு சரி.

கிளப் கூட்டத்தில் ரத்து செய்யலாமா என்று ஒருவர் இழுத்தார். நான் மேசையைக் குத்தினேன். பீர் சிந்தியது. ராணியே உயிரோடிருந்தால் நடத்தச் சொல்லியிருப்பார் என்றேன், டிவிக்காரன் காட்டுகிற கூத்துக்கெல்லாம் நாமும் ஆட வேண்டுமா என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். கைதட்டினார்கள். போட்டி நடக்கும் என்று முடிவானது. மறுநாள் காலை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்ட நாட்டில் எதையுமே நிறுத்தாத ஊர் ஒன்று இருக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, வட்டார வானொலியிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று தகவல் வந்தது. கிளப் செயலாளர் நார்மன் என்னைத் தேடி வந்தார்.

"நீதான் பேசத் தெரிஞ்சவன், ரே. நடக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. ஒரே வார்த்தை."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

வானொலிப் பெண் மைக்கை நீட்டினாள். அதன் தலையில் பஞ்சு மாதிரி ஏதோ மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் என்ன நடந்தது என்று இன்று வரை விளங்கவில்லை. ராணியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது நினைவு உண்டா என்று கேட்டாள். நினைவு உண்டுதான். எங்கள் ஊர் நூலகத்தைத் திறந்துவைக்க ராணி வந்தபோது கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றேன், கார் போனது, உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்தது. அது தொப்பியா, கார்க் கண்ணாடியில் விழுந்த மரத்தின் நிழலா என்று பிரெண்டாவுக்கும் எனக்கும் நடக்கும் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. மைக்கில் அந்தப் பச்சை வளர்ந்தது. தொப்பி ஆனது. தொப்பிக்கு அடியில் முகம் வந்தது. முகம் நூலகத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தது. போட்டவன் யார் என்று கேட்டது. என்னை நோக்கித் திரும்பித் தலையசைத்தது. என் குரல் உடைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நிஜமாகவே உடைந்தது.

"அப்படின்னா சனிக்கிழமை லீக்ஸ் போட்டி நடக்குமா ஐயா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

"இந்த நேரத்துல லீக்ஸாம்மா முக்கியம்?" என்றேன்.

மதியத்துக்குள் அது வானொலியில் வந்தது. ஊரிலேயே பிடிவாதக்காரன் ரே ஹெஸ்லப்பே இப்படி உருகிவிட்டான், இனி நடத்தினால் நம்மை மனிதர் என்பார்களா என்று நார்மன் கிளப் கதவில் ரத்து அறிவிப்பை ஒட்டினார். சாயங்காலம் டிவிக்காரர்களும் என் குரலை எடுத்துக்கொண்டு, என் படத்தையும் போட்டு, செய்திக்குச் செய்தி காட்டத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை கிளப்பில் நுழைந்தபோது பேச்சு நின்றது. ஸ்டானுடைய லீக்ஸைக் கண்டு பயந்துதான் நான் போட்டியைக் கவிழ்த்தேன் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானா பயந்தேன்? வந்து பாருங்கள் என்று எல்லோரையும் பாத்திக்கு இழுத்துப் போய்ச் சாக்கை எடுத்தேன். நடுவில் வெடித்து, பூத்தண்டு பச்சையாக எட்டிப் பார்த்தது. எத்தனை பெரிதாக இருந்தாலும் பூத்தண்டு விட்ட லீக்ஸ் லீக்ஸே அல்ல, இது சட்டம். நேற்று வரை தூணாக நின்றது என்று சத்தியம் செய்தேன். நம்புவதற்கு ஆளில்லை.

அதிகம் பேசாத ஸ்டான் என் தோளில் கை வைத்தான். "விடு ரே. ராணியும் பாத்தாங்கன்னு சொல்லிடு."

அன்று பிரெண்டா என் தூணை நறுக்கி, மாவில் பொதிந்து அவித்துப் பரிமாறினாள். ருசியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு மனமில்லை. பெட்டியில் அதே கறுப்புக் கார், அதே கதவு, பிறகு நான். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நான். இன்னொரு சேனலில் என்னைக் காட்டுகிறார்களா என்று திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

"போதும்பா" என்றாள் பிரெண்டா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு லீக்ஸுக்காக ஒரு கிழவன் இவ்வளவு புலம்ப வேண்டுமா, போதும்பா என்று நடுவில் இரண்டு தடவையாவது முணுமுணுத்துவிட்டு, மூடி வைக்காமல் இந்தக் கடைசி வரி வரை வந்திருக்கிறீர்களே, நீங்கள் யார்?